ஸ்வீடிஷா, மலையாளமா: பேசப்படும் இடங்களை முன்வைத்து ஓர் ஒப்பீடு

கோவையில் செவிலியர் படிப்பின் இறுதியாண்டில் இருக்கும் என் அக்கா மகள், சில வாரங்களுக்கு முன் ஒரு கேள்வியோடு வந்தாள். "படிப்பு முடிய ஓராண்டு இருக்கிறது, சித்தி. மாலை நேரத்தில் ஒரு மொழி கற்றுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். ஸ்வீடிஷ் கற்கட்டுமா, மலையாளம் கற்கட்டுமா?" அவளுடைய கல்லூரியில் படித்து முடித்தவர்களில் சிலர் ஐரோப்பாவின் வடக்குப் பகுதிக்குச் செல்ல முயல்கிறார்கள், வேறு சிலர் கேரள மருத்துவமனைகளில் சேர்ந்து, அங்கிருந்து வளைகுடாவுக்குப் போகிறார்கள். தனக்கு முன்னால் இருக்கும் அந்த இரண்டு பாதைகளையும் மனத்தில் வைத்தே அவள் கேட்டாள். ஆனால் கேட்ட விதத்திலேயே ஒரு சாய்வு இருந்தது. ஸ்வீடிஷ் ஒரு நாட்டின் மொழி, மலையாளம் ஒரு மாநிலத்தின் மொழி, ஆகவே முதலாவதே பெரியது என்று அவள் எண்ணியிருந்தாள். அந்த எண்ணம் சரியா என்று பார்ப்பதற்காகவே, இரண்டு மொழிகளும் எங்கெங்கே, எந்த நிலையில் பேசப்படுகின்றன என்பதை அவளுக்காக எழுதத் தொடங்கினேன்.

எண்ணிக்கையை முதலில் சொல்லிவிடலாம். ஸ்வீடிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர். மலையாளத்தைத் தாய்மொழி என்று 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதிவு செய்தவர்கள் இந்தியாவுக்குள் மட்டும் 3.48 கோடிப் பேர். மாநில மொழி என்று அவள் ஒதுக்க நினைத்த மொழியின் பேச்சாளர் தொகை, நாட்டின் மொழி என்று அவள் மதித்ததைவிட மூன்று மடங்குக்கும் மேல். நிலப்பரப்பைப் பார்த்தாலோ நிலைமை தலைகீழாகிறது. ஸ்வீடன் ஏறத்தாழ நாலரை லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நாடு. கேரளம் 38,863 சதுர கிலோமீட்டர். கேரளத்தைப் போலப் பதினோரு மடங்கு பெரிய அந்த நாட்டில், கேரள மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே மக்கள் வாழ்கிறார்கள். கேரளத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 860 பேர் என்று 2011 கணக்கெடுப்பு சொல்கிறது. ஸ்வீடனில் அந்த எண் இருபத்தைந்தை ஒட்டியே நிற்கிறது. வடகோடியின் சாமி மக்கள் பகுதிகளிலிருந்து தெற்கே 1658 வரை டென்மார்க்கிடம் இருந்த ஸ்கோனே மாநிலம் வரை, ஒரே மொழியின் பெயரில் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் பயணம் செய்யலாம்; வழியில் மனிதர்களைவிடக் காடுகளே அதிகம் தென்படும்.

ஸ்வீடனில் ஸ்வீடிஷின் நிலை அசைக்க முடியாதது. இருந்தும் அதைச் சட்டத்தில் எழுதி வைத்தது அண்மைக் காலத்தில்தான். 2009-இல் நடைமுறைக்கு வந்த மொழிச் சட்டமே ஸ்வீடிஷை அந்நாட்டின் முதன்மை மொழி என்று முதன்முறையாக வரையறுத்தது. அதுவரை அப்படி எழுதி வைக்க வேண்டிய தேவையே யாருக்கும் எழவில்லை. சட்டம் வந்த காலத்துக்கு இன்னொரு பின்னணியும் உண்டு. ஸ்வீடன் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். பல்கலைக்கழகங்களிலும் பெருநிறுவனங்களிலும் ஆங்கிலம் ஆழமாக ஊன்றிவிட்டது. ஃபின்னிஷ், மேன்கியெலி, சாமி, ரோமானி, இத்திஷ் ஆகிய ஐந்தும் தேசியச் சிறுபான்மை மொழிகளாக ஏற்கப்பட்டிருக்கின்றன. கற்க விரும்புபவர் இதிலிருந்து அறிய வேண்டியது ஒன்று உண்டு. அங்கே கடைக்குப் போகவும், பேருந்தில் ஏறவும், வங்கிக் கணக்குத் தொடங்கவும் ஆங்கிலம் போதும். கணினித் துறையில் வேலை செய்பவர் பல ஆண்டுகள் ஸ்வீடிஷ் இல்லாமலேயே கழிக்கலாம். முதியோர் இல்லம், மழலையர் பள்ளி, மருத்துவமனை ஆகிய இடங்களில் அது நடக்காது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே படித்த செவிலியர் அங்கே உரிமம் பெற, ஐரோப்பிய மொழிச் சட்டகத்தின் சி1 என்னும் உயர்நிலைத் தேர்ச்சியைக் காட்ட வேண்டும். அது பேச்சு வழக்கில் சமாளித்துவிடக்கூடிய நிலை அல்ல. ஸ்வீடிஷுக்குப் பதிலாக டேனிஷ் அல்லது நார்வேஜிய மொழித் தேர்ச்சியையும் ஏற்கிறார்கள் என்பதே அம்மூன்று மொழிகளின் நெருக்கத்துக்குச் சான்று.

ஸ்வீடனுக்கு வெளியே ஸ்வீடிஷ் உயிரோடு இருக்கும் இடம் ஃபின்லாந்து. இங்கேதான் என் அக்கா மகளின் கணக்கு மிகவும் தடுமாறியது; ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1809 வரை ஃபின்லாந்து ஸ்வீடனின் பகுதியாக இருந்தது. அந்த ஆண்டில் ரஷ்யப் பேரரசின் கைக்குப் போன பிறகும் ஆட்சி, கல்வி, இலக்கியம் ஆகியவற்றின் மொழியாக ஸ்வீடிஷே வெகுகாலம் நீடித்தது. ஃபின்லாந்தின் நாட்டுப்பண்ணே ரூனெபெரி ஸ்வீடிஷில் எழுதிய கவிதைதான். 1900-இல் அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் ஸ்வீடிஷ் பேசினர். இன்று அது 5 விழுக்காட்டை ஒட்டியிருக்கிறது. அதாவது மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள். இந்தச் சிறிய தொகைக்குக் கிடைத்திருக்கும் உரிமைகளைப் பாருங்கள். ஃபின்னிஷும் ஸ்வீடிஷும் ஃபின்லாந்தின் தேசிய மொழிகள் என்று அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு நகராட்சியில் சிறுபான்மை மொழி பேசுவோர் 8 விழுக்காடு இருந்தாலோ, 3,000 பேர் இருந்தாலோ, அந்த நகராட்சி இருமொழி நகராட்சி ஆகிவிடும்; தெருப் பெயர்ப் பலகை முதல் மருத்துவமனை வரை இரண்டு மொழியிலும் சேவை தர வேண்டும். துர்க்கு நகரில் 1918-இல் நிறுவப்பட்ட ஸ்வீடிஷ் வழிப் பல்கலைக்கழகம் ஒன்று இயங்குகிறது. ஹெல்சின்கியிலிருந்து 1864 முதல் ஸ்வீடிஷ் நாளிதழ் ஒன்று வெளிவருகிறது. ஃபின்னிஷ் வழிப் பள்ளிகளில் படிக்கும் எல்லாக் குழந்தைகளும் ஸ்வீடிஷைக் கட்டாயப் பாடமாகக் கற்கிறார்கள். அதைப் பற்றிய மனக்குறை அங்கே ஓயாத விவாதமாக இருக்கிறது.

ஆனால் ஃபின்லாந்து முழுவதும் ஸ்வீடிஷ் செல்லும் என்று நினைத்து யாரும் பெட்டி கட்டிவிடக் கூடாது. அது கடற்கரையின் மொழி. மேற்கே வாசா நகரைச் சுற்றியுள்ள ஆஸ்ட்ரோபோத்னியா கரை, தெற்கே ஹெல்சின்கியை ஒட்டிய கரை, தென்மேற்கே துர்க்குத் தீவுக்கூட்டம் ஆகிய மூன்றிலுமே அது வேரூன்றியிருக்கிறது. உள்நாட்டில் தம்பெரே, குவோபியோ போன்ற நகரங்களில் ஸ்வீடிஷை மட்டும் வைத்துக்கொண்டு அன்றாடத்தை நடத்த இயலாது. மறுபக்கம், ஆஸ்ட்ரோபோத்னியாவின் நார்பெஸ் போன்ற சிற்றூர்களுக்குப் பசுங்குடில் தக்காளித் தோட்டங்களில் வேலை தேடி வந்த வியட்நாமியர்கள் ஸ்வீடிஷைக் கற்றே அந்த ஊர்க்காரர்கள் ஆனார்கள். ஃபின்லாந்தின் குடியுரிமைக்கு ஃபின்னிஷ் அல்லது ஸ்வீடிஷ், இரண்டில் ஒன்றில் தேர்ச்சி இருந்தால் போதும் என்ற விதியும் அவர்களைப் போன்றவர்களுக்குத் துணை நிற்கிறது. ஃபின்லாந்து ஸ்வீடிஷில் ஸ்வீடனின் ஏற்ற இறக்க இசை பெரும்பாலும் இல்லை. எழுத்தை ஒட்டியே உச்சரிப்பார்கள். புதிதாகக் கற்பவரின் காதுக்கு அது எளிது என்று பலரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இந்த ஒப்பீட்டில் என் மனத்தை மிகவும் பிடித்துக்கொண்டவை இரண்டு தீவுக்கூட்டங்கள்: ஸ்வீடிஷுக்கு ஓலண்ட், மலையாளத்துக்கு இலட்சத்தீவு. ஓலண்ட் ஃபின்லாந்துக்கும் ஸ்வீடனுக்கும் நடுவே கடலில் கிடக்கும் ஆயிரக்கணக்கான தீவுகள். அவற்றில் அறுபதை ஒட்டிய தீவுகளில்தான் மக்கள் இருக்கிறார்கள். மொத்தம் ஏறத்தாழ 30,000 பேர். ஃபின்லாந்து விடுதலை பெற்றபோது, தாங்கள் ஸ்வீடனோடு சேர வேண்டும் என்று அத்தீவு மக்கள் கோரினர். வழக்கு, ஐக்கிய நாடுகள் அவைக்கு முன்னோடியான பன்னாட்டுச் சங்கத்துக்குப் போனது. தீவுகள் ஃபின்லாந்திடமே இருக்கட்டும், ஆனால் அவற்றின் ஸ்வீடிஷ் மொழியும் தன்னாட்சியும் காக்கப்பட வேண்டும் என்று 1921-இல் முடிவானது. அந்த முடிவு ஒரு நூற்றாண்டைக் கடந்து இன்றும் நிற்கிறது. அங்கே ஸ்வீடிஷ் மட்டுமே ஆட்சிமொழி. பள்ளியும் ஸ்வீடிஷ் வழியில்தான். முப்பது உறுப்பினர் கொண்ட சட்டமன்றம் ஒன்று உண்டு. வெளியிலிருந்து வருபவர் அங்கே நிலம் வாங்கவும், அச்சட்டமன்றத் தேர்தலில் வாக்களிக்கவும் வட்டார உரிமை பெற வேண்டும். அதற்கு ஐந்தாண்டுக் குடியிருப்போடு ஸ்வீடிஷ் அறிவும் தேவை.

இலட்சத்தீவின் மக்கள்தொகை இதைப்போல் இரண்டு மடங்கு: 2011-இல் 64,473 பேர். முப்பத்தாறு தீவுகளில் பத்தில் மட்டும் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பேசுவது ஜெசரி என்னும் மலையாள வழக்கு. தென்கோடியில் உள்ள மினிக்காயில் மட்டும் மாலத்தீவின் திவேகியோடு தொடர்புடைய மஹல் மொழி. கல்வியிலும் அலுவலகத்திலும் எழுத்து மலையாளம் வழங்குகிறது. ஓலண்டைப் போலவே இங்கும் நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினர். ஓலண்டைப் போலவே வெளியாட்கள் நிலம் வாங்க வலுவான தடைகள். உள்ளே செல்லவே அனுமதிச் சீட்டு வேண்டும். வேறுபாடு ஒன்று இருக்கிறது, அது சிறியதல்ல. இலட்சத்தீவு சட்டமன்றம் இல்லாத ஒன்றியப் பகுதி. இங்கே மொழியைக் காப்பது பழக்கம், கொச்சியோடும் கோழிக்கோட்டோடும் உள்ள கப்பல் தொடர்பு, பட்டியல் பழங்குடி என்ற தகுதி தரும் நிலப் பாதுகாப்பு ஆகியவை. முப்பதாயிரம் பேரின் மொழிக்கு ஒரு சட்டமன்றமும் பன்னாட்டு உறுதிமொழியும் கிடைத்திருக்க, அறுபத்து நான்காயிரம் பேரின் வழக்கு ஒரு நிர்வாகியின் அலுவலகத்தை நம்பியிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

ஸ்வீடிஷ் பேசப்பட்டு மறைந்த இடங்களும் இருக்கின்றன. முடிவெடுக்கும் ஒருவருக்கு அவை வீண் செய்தி அல்ல. எஸ்தோனியாவின் மேற்குக் கரையிலும் வோர்ம்சி, ருஹ்னு முதலிய தீவுகளிலும் நடுக்காலம் முதல் வாழ்ந்த ஸ்வீடிஷ் மக்களில் பெரும்பாலோர் 1944 வாக்கில் போருக்கு அஞ்சி ஸ்வீடனுக்குக் கடல் கடந்து போய்விட்டார்கள். அதற்கும் முன்னதாக, ஹியூமா தீவின் ஸ்வீடிஷ் விவசாயிகள் ஏறத்தாழ ஆயிரம் பேரை ரஷ்யப் பேரரசி கேத்தரினின் ஆணை 1781-இல் இன்றைய உக்ரைனின் கெர்சோன் பகுதிக்கு நடத்திச் சென்றது. வழியிலும் முதல் ஆண்டுகளிலும் பெருந்தொகையினர் மாண்டனர். எஞ்சியவர்கள் உண்டாக்கிய ஊருக்குப் பெயரே 'பழைய ஸ்வீடிஷ் ஊர்'. ஒன்றரை நூற்றாண்டு அங்கே தங்கள் மொழியைக் காத்து, 1929-இல் ஏறத்தாழ 900 பேர் ஸ்வீடனுக்குத் திரும்பினார்கள். அமெரிக்காவின் கதை இன்னும் பெரியது. 1850-க்கும் 1930-க்கும் இடையில் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்வீடிஷ் மக்கள் கப்பலேறினர். மின்னசோட்டாவிலும் சிகாகோவிலும் ஸ்வீடிஷ் தேவாலயங்களும் செய்தித்தாள்களும் பெருகின. மூன்றாம் தலைமுறைக்குள் பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார்கள். இன்று அங்கே மிஞ்சியிருப்பவை குடும்பப் பெயர்களும் திருவிழாப் பலகாரங்களும்தாம்.

இனி மலையாளத்தின் நிலம். கேரளத்தின் மக்களில் 97 விழுக்காட்டினர் மலையாளம் பேசுபவர்கள். காசர்கோட்டில் கன்னடமும் துளுவும், பாலக்காட்டிலும் தேவிகுளத்திலும் தமிழும் அதனோடு வாழ்கின்றன. 1969-இன் கேரள ஆட்சிமொழிச் சட்டம் மலையாளத்தையும் ஆங்கிலத்தையும் ஆட்சிமொழியாக வைத்ததோடு, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியில் கடிதம் எழுதவும் இடம் தந்தது. 2013-இல் மலையாளத்துக்குச் செம்மொழித் தகுதி கிடைத்தது. 2017-இல் பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. கேரளத்துக்குள் ஒரு சிறு நிலத்துண்டு கேரளமாக இல்லாமல் இருக்கிறது: கண்ணூருக்கும் கோழிக்கோட்டுக்கும் இடையே ஒன்பது சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மாஹே, பிரெஞ்சு ஆட்சியின் எச்சமாகப் புதுச்சேரியைச் சேர்ந்தது. புதுச்சேரி ஆட்சிமொழிச் சட்டம் மாஹேக்கு மலையாளத்தை ஏற்றிருப்பதால், தமிழ் ஆட்சிமொழியான ஒரு பகுதியின் கோப்புகளில் மலையாளமும் சட்டப்படி இடம்பெறுகிறது.

நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி, மலையாளம் தமிழ்நாட்டுக்குள்ளேயே பேசப்படுகிறது என்பது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மலையாளத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏழு லட்சத்துக்கும் மேல். மாநில மக்களில் நூற்றில் ஒருவர். ஃபின்லாந்தின் ஸ்வீடிஷ் மக்களைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமானவர்கள் நம் மாநிலத்திலேயே மலையாளம் பேசுகிறார்கள் என்று சொன்னபோது, அவள் நம்ப மறுத்து மீண்டும் கணக்குப் பார்த்தாள். 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழகத்தோடு இணைந்த குமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு வட்டங்களிலும், நீலகிரியின் கூடலூர், பந்தலூர்ப் பக்கங்களிலும், கோவையிலும் சென்னையிலும் அவர்கள் பரவியிருக்கிறார்கள். வாளையாறு கடந்தால் பாலக்காடு. கோவையிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். கோவையின் பெரிய மருத்துவமனைகளில் பாலக்காட்டிலிருந்தும் திருச்சூரிலிருந்தும் வரும் நோயாளிகள் அன்றாடம் இருக்கிறார்கள். அவள் பயிற்சி பெறும் வார்டிலேயே அந்த மொழி பேசப்படுகிறது. வலியை விவரிக்கும் நோயாளியின் சொல் பாதி புரிந்து பாதி புரியாமல் நிற்பதை அவளே ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

வளைகுடாவைப் பேசாமல் மலையாளத்தின் வரைபடம் முழுமை பெறாது. 1973-க்குப் பிந்தைய எண்ணெய் வளம் அழைத்த தொழிலாளர்களில் கேரளத்தவர் முன்வரிசையில் இருந்தனர். திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தின் அறிஞர்கள் நடத்திய 2018 கேரளக் குடிபெயர்வு ஆய்வின்படி, வெளிநாட்டில் வாழும் கேரளத்தவர் ஏறத்தாழ 21 லட்சம். அவர்களில் பத்தில் ஒன்பது பங்கினர் வளைகுடா நாடுகளில். ஐந்தில் இரண்டு பங்கினர் ஐக்கிய அரபு அமீரகத்தில் மட்டும். துபாயிலும் ஷார்ஜாவிலும் மலையாள வானொலி நாள் முழுவதும் ஒலிக்கிறது; மலையாள நாளிதழ்கள் வளைகுடாவிலேயே அச்சாகியிருக்கின்றன. கேரளத்தின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு இலட்சத்தீவிலும் அமீரகத்திலும் தேர்வு மையங்கள் உள்ளன. ஒரு மாநிலத்தின் தேர்வு அரபு மண்ணில் நடக்கிறது என்றால், அந்த மொழி அங்கே எவ்வளவு கனமாக வாழ்கிறது என்பதை உணரலாம். மளிகைக் கடை, தேநீர்க் கடை, மருந்தகம், மருத்துவமனை என்று எங்கே போனாலும் மலையாளம் காதில் விழும் என்பதை அங்கே வேலை பார்த்துத் திரும்பிய தமிழர் எவரும் சொல்வார்கள். அவர்களில் பலர் மலையாளத்தைக் கற்றதே அங்கேதான்.

இருந்தும் அந்த இருபது லட்சம் பேரின் மொழிக்கு அங்கே சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. ஃபின்லாந்தில் மூவாயிரம் பேர் சேர்ந்தால் ஒரு நகராட்சியே இருமொழி ஆகிவிடுகிறது. வளைகுடாவில் லட்சங்கள் சேர்ந்தாலும் ஆட்சிமொழி அரபுதான், வேலைக்கான பொதுமொழி ஆங்கிலம்தான். விசா முடிந்தால் ஊர் திரும்ப வேண்டும். 1990-இல் குவைத் போரின்போதும், 2020-இன் பெருந்தொற்றிலும் கேரளத்தவர் கூட்டம் கூட்டமாகத் திரும்பியதைப் பார்த்தோம். ஸ்வீடிஷ் சட்டத்தாலும் அரசாலும் தாங்கப்படும் மொழி. கேரளத்துக்கு வெளியே மலையாளம் மனிதர்கள் தங்களோடு சுமந்து செல்லும் மொழி. இரண்டையும் ஒப்பிடுகையில் நான் கண்ட முதன்மையான வேறுபாடு இதுவே. ஆனால் உரிமை இல்லாத அந்த நிலையே வளைகுடாவில் மலையாளத்தைத் தேயவிடாமல் காத்திருக்கிறது என்றும் நினைக்கிறேன். குடியுரிமை கிடைக்காததால் எவரும் அங்கே கரைந்துபோவதில்லை. திரும்ப வேண்டிய வீடு ஊரில் இருப்பதால் பிள்ளைகளுக்கு மொழியைச் சொல்லித்தருகிறார்கள். பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, கனடா ஆகிய நாடுகளில் குடியேறும் கேரளச் செவிலியர் குடும்பங்களின் நிலை வேறு. அங்கே குடியுரிமை உண்டு, ஆகவே மின்னசோட்டாவின் ஸ்வீடிஷ் குடும்பங்களுக்கு நேர்ந்தது அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் நேரலாம். கேரள அரசின் மலையாளம் மிஷன் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காகக் 'கணிக்கொன்னை' முதல் 'நீலக்குறிஞ்சி' வரை நான்கு படிநிலைகளில் பாடம் நடத்துவது இந்த அச்சத்தினால்தான். இஸ்ரேலுக்கு 1950-களில் குடிபெயர்ந்த கொச்சி யூதர்களின் மலையாளம், இன்று முதியவர்களின் பாட்டுகளில் மட்டும் மிஞ்சியிருப்பதை அங்குள்ளோர் அறிவார்கள்.

வெளியாட்களுக்கு மொழியைக் கற்றுத்தரும் ஏற்பாட்டிலும் இரண்டு நிலங்களையும் அருகருகே வைக்கலாம். ஸ்வீடனில் குடியேறியவர்களுக்கு நகராட்சிகள் கட்டணம் இல்லாமல் ஸ்வீடிஷ் கற்பிக்கின்றன. வதிவுரிமை பெற்று, குடியிருப்புப் பதிவெண் கிடைத்ததும் அந்த வகுப்பில் சேரலாம். குடியேறியவரின் பிள்ளைக்குத் தன் தாய்மொழியைப் பள்ளியில் கற்கும் வாய்ப்பும் உண்டு. ஒரு நகராட்சியில் ஐந்து பிள்ளைகளும் தகுந்த ஆசிரியரும் இருந்தால், தமிழோ மலையாளமோகூடப் பாடமாகும். கேரளத்தில் வட மாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்பிக்க, மாநில எழுத்தறிவு மிஷன் பெரும்பாவூரில் 'சங்ஙாதி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதன் பாடநூலின் பெயர் 'ஹமாரி மலையாளம்'. ஸ்வீடனின் ஏற்பாட்டோடு அளவில் ஒப்பிட முடியாது என்றாலும், வந்தவரைத் தன் மொழிக்குள் அழைக்கும் மனம் இதிலும் இருக்கிறது.

கற்கும் உழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இடம் எவ்வளவு பரந்ததாக இருந்தாலும் அங்கே சென்று சேர ஆகும் காலம் முக்கியம். மலையாளத்தின் சொற்களில் பெரும்பகுதி நம் காதுக்குப் புதியவை அல்ல. எழுத்தைக் கற்க ஒரு மாதம் போதும். வினைச்சொல் நம்முடையதைவிட எளிது: ஞான் போயி, அவள் போயி, ஞங்ஙள் போயி, போனேன், போனாள், போனோம் என்ற மாற்றம் அங்கே இல்லை. வியப்பாக, ஸ்வீடிஷிலும் அப்படித்தான். நான், அவள், நாங்கள் எல்லோருக்கும் வினை ஒன்றே. ஆனால் ஸ்வீடிஷில் வினை வாக்கியத்தின் இரண்டாம் இடத்தில் வந்து நிற்கும், 'அந்தப் புத்தகம்' என்னும் பொருளைத் தர 'பூக்' என்பது 'பூக்கென்' ஆகும், சொல்லின் இசை மாறினால் பொருளே மாறும். ஆங்கிலம் அறிந்தவருக்கு இவை கடக்கக்கூடியவைதாம். என் மதிப்பீட்டில், கோவையில் இருந்துகொண்டு மாலை வகுப்பில் ஓராண்டு உழைத்தால் மலையாளத்தில் நோயாளியிடம் தடையின்றிப் பேசலாம். அதே ஓராண்டில் ஸ்வீடிஷின் முதல் இரண்டு படிகளைத்தான் ஏற முடியும். சி1 வெகுதொலைவில் நிற்கும். ஸ்வீடிஷுக்குச் சாதகமாக ஒன்றை மறுக்க முடியாது: அதைக் கற்றவர் நார்வேஜியத்தைப் பெரும்பாலும் புரிந்துகொள்வார், டேனிஷைப் படித்தறிவார், ஆக ஒரு மொழியின் உழைப்பில் மூன்று நாடுகளின் வாசல் திறக்கிறது. மலையாளம் கற்ற தமிழருக்கு அப்படி இன்னொரு மொழி இலவசமாகக் கிடைப்பதில்லை. அது திறந்திருக்கக்கூடிய பக்கத்து வாசல் ஏற்கெனவே நம்முடையது.

இவற்றையெல்லாம் சொன்ன பிறகு அவளிடம் இரண்டு கேள்விகள் கேட்டேன். ஸ்வீடனில் நிரந்தரமாக வாழப் போகிறாய் என்று முடிவு செய்துவிட்டாயா? இல்லை என்றாள், போனவர்கள் சொன்னதைக் கேட்டு ஆசை வந்தது, அவ்வளவுதான். படிப்பு முடிந்ததும் முதல் வேலை எங்கே? கோவையிலோ கொச்சியிலோ, பிறகு முடிந்தால் துபாய் என்றாள். அப்படியானால் மலையாளத்தை எடுத்துக்கொள் என்றேன். ஸ்வீடிஷ் அந்த நிலத்தில் காலூன்றிய பிறகே பயன் தரும் மொழி. முடிவெடுத்துவிட்டவர் அன்றே தொடங்க வேண்டும், முடிவெடுக்காதவர் தொடங்கினால் பேச ஆளின்றிப் பாதியில் நின்றுவிடும். திருமணத்தாலோ, வேலை ஒப்பந்தத்தாலோ ஸ்வீடனுக்கோ ஃபின்லாந்தின் மேற்குக் கரைக்கோ போவது உறுதியானவருக்கு நான் தயங்காமல் ஸ்வீடிஷைச் சொல்வேன். ஃபின்லாந்தின் உள்நாட்டுக்குப் போகிறவருக்கு அதையும் சொல்ல மாட்டேன். அவர் ஃபின்னிஷ்தான் கற்க வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டாள். உக்கடம் பேருந்து நிலையத்தில் பாலக்காட்டுக்குப் போகும் கேரள அரசுப் பேருந்துகளின் பலகைகளை ஒவ்வொரு மாலையும் எழுத்துக் கூட்டி வாசி என்றும், வார்டில் அடுத்த முறை பாலக்காட்டுப் பாட்டி ஒருவர் வந்தால் 'எவிடெயாணு வேதன?' என்று அவர் மொழியிலேயே கேள் என்றும் சொல்லி அனுப்பினேன்.